முடிச்சில்லாத சப்பாத்து: சுங்கை சிப்புட்டில் ஒரு பெரியவரும் ஒரு லேஸ் லாக்கும் – நிகழ்வு ஆய்வு

மழைக்கோட்டின் தொப்பியிலும் துணிப்பையின் வாயிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சாமான் இருக்குமே, அழுத்தினால் கயிறு ஓடும், விட்டால் நிற்கும், அதேதான். சப்பாத்துக் கயிற்றில் கோர்த்தால் லேஸ் லாக். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கிறது. பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்த ஒருவருக்காக அவர் வீட்டில் இதை வாங்கிப் போட்டுப் பார்த்து, "இது நிக்காது" என்று இழுப்பறையில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிறகு அதே சாமான்தான் அவரைத் தானாகச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வெளியே போக வைத்தது. முதலில் ஏன் நிற்கவில்லை, அப்புறம் எப்படி நின்றது என்பதை விவரமாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஏனென்றால் இப்படி இழுப்பறைக்குப் போய்விட்ட சாமான்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன, அவற்றில் பலவும் பொருத்தின விதத்தால்தான் அங்கே போயின.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குளிப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது, சப்பாத்து மாட்டுவது போன்ற அன்றாட வேலைகளை நோய்க்குப் பிறகு மறுபடி பழக்குவதுதான் என் தொழில். பெரியவரும் குடும்பமும் எழுதச் சொன்னார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆளும் வீடும்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் போகிற வழியில் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம்தான், அதாவது ரப்பர் மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. பெரியவர் எழுபதைத் தாண்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் நின்று, நெற்றி விளக்கோடு நிரை பிடித்து, பாலெடுக்க மரம் வெட்டிய தலைமுறை. தோட்டம் கைமாறியதும் லயத்தைக் காலி செய்துவிட்டு பட்டணத்து ஓரத்தில் மகன் வீட்டுக்கு வந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், மருமகளுக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட். பேரன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு ஏற்பட்டதால் உடம்பின் இடது பக்கம் பலவீனம். தோளை ஓரளவு தூக்குவார், முழங்கையை மடக்குவார், ஆனால் இடது விரல்கள் மடங்கியே இருக்கும், ஒரு பொருளைப் பிடித்து விட முடியாது. வலது கை அருமையான கை. மரத்தின் பட்டையை உயிர்த்தோல் காயப்படாமல் மெல்லிசாகச் சீவி எடுத்துப் பழகிய கை. பிடி இன்றைக்கும் உளிப் பிடிதான். இடது காலில் முழங்கால் பரவாயில்லை, பாதம்தான் தொங்கும். நடக்கும்போது விரல் தரையில் தட்டாமல் இருக்கக் கணுக்காலுக்குப் பின்னால் ஏறிப் பாதத்தின் அடியில் ஓடும் பிளாஸ்டிக் தாங்கி கொடுத்திருந்தார்கள். அதைச் சப்பாத்துக்குள்தான் போட முடியும்.

நீண்ட நாளாக இனிப்புநீரும் உண்டு. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, நம் இந்தியச் சமூகத்தில்தான் விகிதம் அதிகம். அதனால் பக்கவாதத்தோடு சேர்த்து மரத்துப்போன பாதத்தையும் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் இவர் பாதத்தைத் தொட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு இருந்தவருக்கு இரண்டு பாதத்திலும் பெருவிரலுக்கு அடியில் தொட்டது தெரியவே இல்லை. இது பின்னால் முக்கியமாகும்.

"சிலிப்பர் போட்டா போதாதா?" இந்தக் கேள்வியை எல்லா வீட்டிலும் கேட்பார்கள், இந்த ஊர் வெயிலுக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் தொங்கும் பாதம் சிலிப்பரைக் கவ்விப் பிடிக்காது, நுனி தட்டி ஆளைக் கவிழ்த்துவிடும். மரத்த பாதத்தில் வார் உரசிப் புண் வந்தாலும் தெரியாது. தாங்கியோ சிலிப்பருக்குள் போகாது. ஆக, இவருக்கு மூடிய சப்பாத்து வேண்டும், அது இறுகியும் இருக்க வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் இவர் காலில் கிடந்தது கம்போங் அடிடாஸ் என்று ஊரே சொல்கிற அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. கயிறே கிடையாது, காலை விட்டால் வேலை முடிந்தது. கயிறு கட்டும் சப்பாத்து அவர் வாழ்க்கைக்குள் நுழைந்ததே, கயிறு கட்ட ஒரு கை இல்லாமல் போன பிறகுதான்.

கட்டிவிட்டது பேரன். அவன் காலையில் சீருடை போட்டு, தன் கறுப்புச் சப்பாத்தை மாட்டி, பிறகு குனிந்து தாத்தாவுக்கும் கட்டிவிட்டு ஓட வேண்டும். பள்ளி வேன் முனையில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். கட்டிவிட்டான் என்றால் மத்தியானம் அவன் திரும்பி வரும்வரை சப்பாத்து காலிலேயே கிடக்கும், பாதம் வீங்கும். கட்டவில்லை என்றால் அன்றைக்குப் பெரியவர் வீட்டுக்குள்தான். ஒரு பர்லாங்குகூட இல்லாத சாப்பாட்டுக்கடைக்குப் போய் தே தாரேக் குடித்துக்கொண்டு மலேசிய நண்பன் பேப்பரைப் புரட்டி, பழைய தோட்டத்து ஆட்களோடு பேசுவது அவர் வழக்கம், அது நின்றுபோயிருந்தது. முதல் சந்திப்பில் "உங்களுக்கு என்ன ஐயா முக்கியம், எதை முதல்ல பழகணும்?" என்று கேட்டேன். கை நல்லாகணும் என்பார் என்று எதிர்பார்த்தேன். "பேரனுக்கு ஸ்கூல் லீவு இருந்தாதான்மா எனக்கு வெளியே போற நாளு. அத மாத்திக் குடு" என்றார்.

இழுப்பறையிலிருந்து எடுத்த லாக்

மருமகள் அதை எடுத்துக் காட்டும்போதே கொஞ்சம் கோபம். "சும்மா காசு போச்சு. பத்தடி நடந்தா லூசாயிடுது."

லாக்கைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை: வெளிக்கூடு, அதற்குள் ஏறி இறங்கும் பொத்தான், பொத்தானுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். கூட்டிலும் பொத்தானிலும் குறுக்காகத் துளை. பொத்தானை அழுத்தினால் இரண்டு துளையும் ஒரே நேர்கோட்டுக்கு வரும், கயிறு தாராளமாக ஓடும். விட்டால் ஸ்பிரிங் பொத்தானைத் தள்ளும், துளைகள் விலகும், நடுவில் மாட்டிய கயிறு இரண்டு விளிம்புக்கும் இடையில் மடங்கி நெரிபடும். அந்த நெரிப்பும் உராய்வும்தான் பிடி. ஆகவே பிடி நிற்பதும் நழுவுவதும் மூன்று விஷயத்தைப் பொறுத்தது: ஸ்பிரிங்கின் பலம், கயிற்றின் பருமன், கயிற்றின் மேற்பரப்பு.

இந்த வீட்டில் லாக் கோர்க்கப்பட்டிருந்தது சப்பாத்தோடு வந்த பட்டையான பருத்திக் கயிற்றில். பட்டைக் கயிறு துளைக்குள் ஒழுங்காக உட்காராது. ஒரு பக்கம் மடிந்து தடித்து நிற்கும், இன்னொரு பக்கம் தட்டையாகப் படுத்து மெல்லிசாக இருக்கும். பொத்தான் தடித்த பக்கத்தில் முட்டி நின்றுவிடும், மெல்லிய பக்கத்துக்கு நெரிப்பே போய்ச் சேராது. லாக் கயிற்றைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டுக் கூடத்தில் நடக்கச் சொன்னேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது வலப்பக்கக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இடப்பக்கக் கோடு ஒரு விரல் அகலத்துக்குக் கீழே ஓடிவிட்டது.

அடுத்து, சுமார் மூன்று மில்லிமீட்டர் பருமனில் உருண்டையான பாலியஸ்டர் கயிறு ஒன்றைக் கோர்த்து அதே கோட்டுச் சோதனையைச் செய்தோம். இந்தத் தடவை இரண்டு கோடும் நகரவில்லை, ஆனால் சப்பாத்து அப்போதும் லூசாகிவிட்டது! இங்கேதான் பலர் லாக்கின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள். காரணம் கீழே இருந்தது. சப்பாத்தில் ஆறு ஜோடித் துளை, எல்லாவற்றிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. மேலே பிடித்து இழுத்தால் ஒவ்வொரு துளையிலும் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பைத் தின்றுவிடும், மேல் இரண்டு வரிசை இறுகும், விரல் பக்கத்து வரிசைகள் தளர்வாகவே கிடக்கும். நடக்க ஆரம்பித்ததும் பாதம் ஒவ்வொரு அடியிலும் மடங்கி நிமிர, கீழே கிடந்த அந்தத் தளர்ச்சி மெல்ல மேலே ஏறி வரும். லாக் ஒரு மயிரிழைகூட நகர்ந்திருக்காது, சப்பாத்து மட்டும் தொளதொளவென்று ஆகியிருக்கும்.

மூன்றாவது கோளாறுதான் பெரிது, அது பாக்கெட்டின் மேல் எழுதியிருக்காது. இந்த லாக்கை இறுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை கயிற்றின் நுனியை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கை பொத்தானை அழுத்தியபடி லாக்கைக் கீழே தள்ள வேண்டும். ஒற்றைக் கைக்காரருக்கு உதவும் என்று வாங்கிய சாமான் இரண்டு கையைக் கேட்டது. பெரியவர் கயிற்றைப் பல்லால் கடித்து இழுக்கப் பார்த்திருக்கிறார், அந்த அளவுக்குக் குனிந்தால் நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவார் என்று மருமகள் அதோடு நிறுத்திவிட்டார்.

வேறு வழி இல்லையா

இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் லாக்குக்குத் திரும்பினோம்.

முதலில் ஒற்றைக் கைக் கயிறு கோர்ப்பு. கயிற்றின் ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு அடித்துளையில் நிறுத்திவிட்டு, மறு நுனியை மட்டும் இடமும் வலமுமாக மேலே ஏற்றி, கடைசியில் தன் அடியிலேயே செருகிவிடுவது. எங்கள் தொழிலில் பழைய முறை, காசும் செலவில்லை. வலது சப்பாத்துக்கு இவர் இதை அழகாகச் செய்தார். ஆனால் தாங்கி போட்ட இடது சப்பாத்தில் செருகல் நிற்கவில்லை, குதிகால் மேலே எழும்பியது.

வெல்க்ரோ பட்டைச் சப்பாத்தைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள், தப்பில்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட காட்டுக் காய்களைப் பார்த்து யோசித்த விஷயம், 1968-இலேயே பூமா கம்பெனி அதைச் சப்பாத்தில் கொண்டுவந்துவிட்டது. ஒரு கைக்கு இதைவிட எளிது கிடையாது. ஆனால் நம் பட்டணத்துக் கடைகளில் கிடைத்த வெல்க்ரோ சப்பாத்துகளில் தாங்கியை உள்ளே விட்டதும் மேல்பகுதி விரிந்து, பட்டை அந்தப் பக்கம் போய் விரல் நுனி அளவுதான் ஒட்டியது. அந்த ஒட்டு நாள் முழுக்கத் தாங்காது.

திருகி இறுக்கும் வட்டும் உண்டு. கேரி ஹேமர்ஸ்லாக் என்பவர் அமெரிக்காவின் கொலராடோவில் ஆரம்பித்த போவா கம்பெனி 2001-இல் பனிச்சறுக்குச் சப்பாத்துக்குக் கொண்டுவந்தது. கயிற்றுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி, அதைச் சுற்றி இழுக்க ஒரு சின்ன வட்டு. ஒரு கையால் திருகலாம், இறுக்கம் எல்லா வரிசைக்கும் சமமாகப் போகும். என் மனசுக்குப் பிடித்தது அதுதான். ஆனால் விலை இந்தக் குடும்பத்துக்குக் கட்டாது. நைக்கியின் ஃப்ளைஈஸ் வகையையும் இங்கே சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள மேத்யூ வால்சர் என்ற பதினாறு வயதுப் பையன் 2012-இல் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினான். விரும்பிய கல்லூரிக்குப் போக வேண்டும், சப்பாத்துக் கயிறு கட்ட யாராவது வர வேண்டுமே என்ற கவலை இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதிலிருந்து 2015-இல் பின்பக்கம் ஜிப்போடு திறக்கும் சப்பாத்து வந்தது. அமெரிக்கப் பையனும் சுங்கை சிப்புட் தாத்தாவும் கேட்டது ஒன்றையேதான் என்று எனக்குப் பட்டது.

இடது கால் வேறு, வலது கால் வேறு

இரண்டு சப்பாத்துக்கும் ஒரே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த நிகழ்வில் நான் எடுத்த முடிவுகளில் இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன்.

வலது காலுக்கு எலாஸ்டிக் கயிறு. ஒரு முறை அளவாக இழுத்து லாக்கைப் பூட்டிவிட்டால் பிறகு லாக்கைத் தொடவே வேண்டாம், நீளமான சப்பாத்துக் கரண்டியை வைத்துக் காலை உள்ளே வழுக்கினால் போதும். எலாஸ்டிக் தானே நீண்டு சுருங்குவதால் இறுக்கம் எல்லா வரிசைக்கும் ஓரளவு பரவும். பெரியவர் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு ரப்பரா?" என்றார். வெட்டிப்போட்ட மிச்ச நுனியைப் பிரித்துக் காட்டினேன், பின்னல் உறைக்குள் வரிசையாக மெல்லிய ரப்பர் நூல்கள். பால்மரத்துப் பாலிலிருந்து இழுக்கும் நூலாகவும் இருக்கலாம், அந்த நூலை உலகத்துக்கு ஏற்றுமதி செய்வதில் மலேசியா நெடுநாள் முன்னணியில் இருந்த நாடு என்றதும் அந்த நுனியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இடது காலுக்கு எலாஸ்டிக் கூடாது. தாங்கியோடு நடக்கும்போது குதிகால் சப்பாத்துக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கக் கூடாது. எலாஸ்டிக் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது நீண்டு கொடுக்கும், தாங்கி குதிகாலில் தேய்க்கும், மரத்த தோலில் அது புண்ணாகும்வரை யாருக்கும் தெரியாது. எனவே நீளாத, உருண்டையான பாலியஸ்டர் கயிறு. உராய்வைக் குறைக்க நடுவில் ஒரு ஜோடித் துளையை விட்டுவிட்டுக் கோர்த்தோம். கயிறு கோர்ப்பில் எது பலம் என்று கணிதக்காரர் புர்க்கார்ட் போல்ஸ்டர் 2002-இல் நேச்சர் இதழில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், வழக்கமான குறுக்குக் கோர்ப்பும் நேர்க் கோர்ப்பும்தான் பலமானவை என்று வந்தது. அதனால் குறுக்குக் கோர்ப்பை மாற்றவில்லை. கீழ் வரிசைகளை மட்டும் குடும்பத்தார் ஒருமுறை கையால் இறுக்கிவிட்டு, மூன்றாவது வரிசையில் ஒரு சின்ன முடிச்சால் நிறுத்திவிட்டோம். பெரியவர் தினமும் திறந்து மூடுவது மேல் வரிசைகள் மட்டுமே. கீழே கிடக்கும் தளர்ச்சி மேலே ஏறி வரும் கதை அதோடு நின்றது.

சப்பாத்தும் மாறியது. வாய் அகலமான, இடதுக்கு ஒரு அளவு பெரிய ஜோடி. தாங்கி போடும் காலுக்குச் சப்பாத்துக்குள் அடியில் கிடக்கும் மெத்தைப் பட்டையை எடுத்துவிட்டால் இடம் இன்னும் கிடைக்கும்.

அடுத்தது இரண்டாவது கைக்கு என்ன செய்வது. நாற்காலியில் ஒரு கொக்கி இருந்தால் கயிற்றின் வளையத்தை அதில் மாட்டிவிடலாமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் மகனைக் கூப்பிட்டு, "டேய், கொட்டாயில மங்குக் கம்பி கிடக்கும் பாரு, எடுத்தா" என்றார். மங்கு என்பது பால் சொட்டும் கிண்ணம், அதை மரத்தில் தாங்கிப் பிடிக்கிற கம்பி அது, ஒரு முனை வளைந்தே இருக்கும். அதைக் கொக்கியாக நிமிர்த்தி வளைத்து, சாண் நீளக் கயிற்றில் கட்டி, நாற்காலியின் முன் சட்டத்தில் தொங்கவிட்டோம். கூரிய நுனியை மகன் அரத்தால் ராவி, மேலே டேப் சுற்றிக் கொடுத்தார்.

செய்முறை இப்படி: உட்கார்ந்து, இடது காலைச் சப்பாத்துக்குள் விட்டு, பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்த வளையத்தை வலது கையால் கொக்கியில் மாட்ட வேண்டும். பிறகு இடது பாதத்தைத் தரையோடு தரையாக முன்னால் நகர்த்தினால் கயிறு விறைக்கும், அந்த நேரத்தில் வலது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி லாக்கை நாக்குப்பட்டை வரை தள்ளி, விட்டுவிட வேண்டும். இடது முழங்காலுக்குத் தினமும் இது ஒரு பயிற்சியுமாக ஆனது.

உளிப் பிடியும் மரத்த பாதமும்

லாக் பிடித்தது, இவரும் இறுக்கினார். ரொம்பவே இறுக்கினார்! கையோ பலமான கை, பாதத்துக்கோ உணர்ச்சி குறைவு, அதனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று உடம்பு சொல்லாது. நூலால் கட்டும் முடிச்சு ஓரளவுக்கு மேல் இறுகாது, லாக் அப்படியில்லை, தள்ளத் தள்ளப் போகும். முதல் நாள் சிறிது நேரம் மட்டும் போட்டு நடந்துவிட்டுக் கழற்றிப் பார்த்தபோது, பாதத்தின் மேட்டில் லாக் உட்கார்ந்த அளவுக்கே ஒரு சிவந்த வட்டம். அரை மணி நேரம் காத்திருந்தும் மங்கவில்லை. அப்படி மங்காத சிவப்பு என்றால் அந்த அழுத்தத்தை அப்படியே விடக்கூடாது, நீரிழிவுப் பாதத்துக்கு அது புண்ணின் வாசல்.

நாக்குப்பட்டைக்கு அடியில் மெத்தென்ற துண்டு ஒன்றை ஒட்டினோம், லாக் எலும்பின் மேல் படாமல் கடைசித் துளைக்கும் மேலே நிற்கும்படி கயிற்றின் நீளத்தை மாற்றினோம். அப்புறம் மருமகளிடம் நகச்சாயம் கேட்டேன். கயிற்றில் சரியான இறுக்கத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, சாயங்காலம் பாதம் வீங்கியிருக்கும்போது நிறுத்த வேண்டிய இடத்தில் இன்னொரு கோடு. காலையில் லாக் முதல் கோட்டைத் தாண்டக் கூடாது. பாதம் சொல்ல முடியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். பல்லாண்டு பட்டையில் ஆழம் பார்த்து வெட்டியவருக்குக் கோட்டில் நிறுத்தச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

கழற்றியதும் பாதம் பார்ப்பதைப் பேரன் எடுத்துக்கொண்டான். கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தையும் காட்டுவான்.

இன்னொரு ஆபத்து, லாக்குக்கு மேலே தொங்குகிற வளையம். வாய் அகலமாகத் திறக்க வேண்டும் என்பதால் கயிறு நீளம், இறுக்கிய பிறகு வளையம் கை நீளத்துக்குத் தொங்கும். பெரியவர் சில நாள் மகனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்குப் போவார். எனக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை, ஆனாலும் போவார். நம் ஊர் சின்ன மோட்டார்களில் செயின் இருப்பது இடது பக்கம். வளையம் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று மகனிடம் நேராகவே சொன்னேன். இப்போது வளையத்தை மடித்து, கீழ் வரிசையில் நிரந்தரமாகக் கோர்த்த ஒரு எலாஸ்டிக் பட்டைக்கு அடியில் செருகிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

பேரனின் முடிச்சு

பேரனுடைய சொந்தக் கயிறும் அடிக்கடி அவிழும் என்று மருமகள் சொன்னார், அவனுக்கும் ஒரு லாக் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டக் கற்கக்கூடிய பிள்ளை கட்டக் கற்கட்டும், விரல்களுக்கு அது நல்ல வேலை. அவன் கட்டியதைக் கவனித்தேன், முதல் சுற்றும் இரண்டாவது சுற்றும் ஒரே பக்கமாகப் போனது. அப்படிக் கட்டினால் வளையங்கள் சப்பாத்துக்குக் குறுக்கே படுக்காமல் நீளவாக்கில் திரும்பி நிற்கும், அது பலவீனமான முடிச்சு. 2017-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் இதை மெதுவோட்டப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். ஓடுகிறவரின் பாதம் தரையில் மோதுவது புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு விசையில், அந்த அடி முடிச்சைத் தளர்த்த, வீசி ஆடும் நுனிகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன. பலமான முடிச்சும் அவிழும், ஆனால் பலவீனமானது அதைவிடச் சீக்கிரம். இரண்டாவது சுற்றை எதிர்ப்பக்கமாகப் போடச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது தம்பி கட்டினால் நிற்கிறது.

என்ன மாறியது, என்ன மாறவில்லை

சில வாரங்களில் பெரியவர் யாருமில்லாத நேரத்தில் தானே தாங்கி, சப்பாத்து இரண்டையும் மாட்டப் பழகிவிட்டார். ஆரம்பத்தில் மருமகள் வைத்துவிட்டுப் போன காப்பி ஆறிப்போகும், இப்போது சூடாகவே குடிக்கிறார். சாப்பாட்டுக்கடை நடை திரும்பியது, போகும் நேரமும் கழற்றும் நேரமும் அவர் கையில். பாதம் வீங்குவது குறைந்ததற்கு இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன், மருந்தும் மாற்றினார்கள். ஆனால் காலை முதல் மத்தியானம் வரை இறுகிய சப்பாத்தோடு உட்கார்ந்திருப்பது நின்றது நிச்சயம்.

இடது கையில் மாற்றம் இல்லை. அதைப் பற்றி அவரும் நானும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறோம்.

மழை நாள்தான் இன்னும் தொல்லை. சேறு பட்டால் பொத்தான் இறுகிக்கொள்ளும், மணல் போனால் பாதி வழியில் நிற்கும், நனைந்த கயிறு கொஞ்சம் நழுவவும் செய்யும். முதலில் வாங்கிய லாக்கின் ஸ்பிரிங் மழைக்காலம் முடிவதற்குள் துருப்பிடித்துப் பழுப்பு நீர் விட்டது. இப்போது துருப்பிடிக்காத ஸ்பிரிங் உள்ளதாகப் பார்த்து வாங்கி, வாரம் ஒரு முறை குழாய்த் தண்ணீரில் பொத்தானை அழுத்தி அழுத்திக் கழுவி, நிழலில் காயவைக்கிறார்கள். வலது சப்பாத்தின் எலாஸ்டிக்கையும் வெயிலில் போடக் கூடாது, ரப்பர் வெயிலுக்கும் வியர்வைக்கும் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஒருவரை வைத்து எல்லாருக்கும் சொல்ல முடியாது. பாதத்தில் திறந்த புண் இருந்தால் சப்பாத்துப் பேச்சுக்கு முன்னால் கிளினிக்குக்குப் போங்கள். கட்டைவிரலில் மூட்டுவலி உள்ளவருக்குக் கெட்டியான ஸ்பிரிங்கை அழுத்த முடியாது, அவருக்கு வெல்க்ரோதான். பக்கவாதத்தில் சிலருக்கு இடது பக்கம் என்ற ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது, அவர்களிடம் கோடு பார்த்து நிறுத்து என்று சொல்லிப் பயனில்லை, பக்கத்தில் ஆள் வேண்டும்.

கடையில் வாங்கும்போது உங்கள் கயிற்றையும் கூட எடுத்துப் போங்கள், உருண்டைக் கயிறு. அங்கேயே கோர்த்து, பொத்தானை விட்டுவிட்டு, லாக்கை ஒரு கையில் பிடித்துக் கயிற்றை மறு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். பிறகு கயிற்றைத் தண்ணீரில் நனைத்து இன்னொரு தடவை இழுங்கள். நழுவினால் வாங்காதீர்கள்; நின்றால் இரண்டாக வாங்குங்கள், ஒன்று வீட்டில் மாற்றாக இருக்கட்டும்.